சமையலுக்கும் குர்பானிக்கும் நல்ல கத்தி: குறைந்த செலவில் தேர்ந்தெடுப்பது எப்படி?



குர்பானிக்கு ஆடு வாங்கும்போது பல்லைப் பார்க்கிறோம், கண்ணைப் பார்க்கிறோம், நடக்கவிட்டும் பார்க்கிறோம். ஆனால் அந்த ஆட்டை அறுக்கப் போகும் கத்தியைப் பெருநாள் காலையில்தான் தேடுகிறோம். பரண்மேல் கிடந்த துருப்பிடித்த கத்தியைச் சுவரிலோ படியிலோ நாலு தேய் தேய்த்து எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். வருடம் முழுவதும் சமையலறையில் நடப்பதும் இதுதான். தக்காளியை அறுக்காமல் நசுக்கும் கத்தியோடு நம் வீட்டுப் பெண்கள் தினமும் மல்லுக்கட்டுகிறார்கள். கத்தி வாங்குவது சின்ன விஷயம் என்று நினைக்கிறோம். ஆனால் அதில் ஒரு ஜீவனின் வேதனையும், வீட்டுப் பெண்களின் விரல்களும், நம் கைக்காசும் அடங்கியிருக்கின்றன. எனவே இந்த இதழில் கத்தியைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மார்க்கம் காட்டும் வழி

எந்தக் காரியத்தையும் அழகிய முறையில் செய்வதை அல்லாஹ் விதியாக்கியுள்ளான். அறுக்கும்போதும் அழகிய முறையில் அறுக்க வேண்டும், கத்தியைக் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டும், பிராணிக்கு நிம்மதி தர வேண்டும் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. அதே நூலில் ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் மற்றொரு செய்தியும் உண்டு. நபி (ஸல்) அவர்கள் குர்பானி கொடுக்கும் முன் கத்தியைக் கொண்டுவரச் சொல்லி, அதைக் கல்லில் தீட்டித் தருமாறு ஆயிஷா (ரலி) அவர்களிடம் கூறினார்கள் என்பது அது. பிராணியின் கண்ணெதிரே கத்தி தீட்டக் கூடாது என்பதையும் நம் ஆலிம்கள் ஆண்டுதோறும் நினைவூட்டுகிறார்கள்.

கூரான கத்தி வைத்திருப்பது வசதிக்காக மட்டும் அல்ல, அது இஹ்ஸானின் ஒரு பகுதி என்பது இவற்றிலிருந்து விளங்குகிறது. விலை உயர்ந்த கத்தி வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. ஒரு கத்தியும், அதைத் தீட்ட ஒரு கல்லும் போதும்.

மழுங்கிய கத்திதான் ஆபத்தானது

"கூரான கத்தி கையை வெட்டிவிடும், கொஞ்சம் மழுங்கலாகவே இருக்கட்டும்" என்று சில வீடுகளில் சொல்வார்கள். உண்மை நேர்மாறானது. கூரான கத்தி வெங்காயத்தின் தோலில் வைத்தவுடன் இறங்கும். மழுங்கிய கத்தி இறங்காது, வழுக்கும். இறங்க வைப்பதற்காக நாம் பலம் கொடுத்து அழுத்துகிறோம். அழுத்தும்போது அது வழுக்கினால், அந்தப் பலம் முழுவதும் பிடித்திருக்கும் கையின் மேல் போய் விழுகிறது. பூசணி, சேனைக்கிழங்கு, எலும்போடு கூடிய கறி ஆகியவற்றை வெட்டும்போது நடக்கும் காயங்களில் பல இப்படித்தான் ஏற்படுகின்றன. ஐம்பது பேர் சாப்பிடும் வலீமாவுக்கு வெங்காயம் அரியும் சகோதரிக்கு மழுங்கிய கத்தியைக் கொடுத்தால், அவருடைய மணிக்கட்டு மறுநாள் வரை வலிக்கும்.

இரும்பா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா?

கத்தி வாங்கப் போகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். கத்திக்குப் பயன்படும் உலோகம் பொதுவாக இரண்டு வகை.

முதலாவது, நாம் 'இரும்புக் கத்தி' என்று சொல்வது. உண்மையில் இது கரி கலந்த எஃகு. கொல்லர் பட்டறையில் அடிப்பது இதைத்தான். நன்றாகக் கூர் ஏறும், தீட்டுவது எளிது, விலையும் குறைவு. குறை ஒன்றுதான்: துருப்பிடிக்கும். எலுமிச்சை, புளி, தக்காளி, அன்னாசி போன்ற புளிப்புப் பொருள்களை அறுத்தால் கறுத்துப்போகும்.

இரண்டாவது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்தால்தான் அதற்கு அந்தப் பெயர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி 1913இல் உருவாக்கிய துருப்பிடிக்காத எஃகில் ஏறத்தாழ 13 சதவீதம் குரோமியம் இருந்தது. அந்த எஃகு முதலில் பெயர் வாங்கியதே சாப்பாட்டு மேசைக் கத்திகளில்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பாத்திரம் செய்யும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேறு, கத்தி செய்யும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேறு. தட்டு, டம்ளர் செய்யும் '304' போன்ற வகைகளைக் காய்ச்சித் தோய்த்து இறுக்க முடியாது. அதில் கத்தி செய்தால் பளபளப்பாக இருக்கும், கூர் நிற்காது. கத்திக்கு ஏற்றவை '420', '440' போன்ற, கரி சற்றுக் கூடிய வகைகள். ஐரோப்பியச் சமையல் கத்திகளில் பரவலாகப் பயன்படும் ஜெர்மன் வகைக்கு '1.4116' என்று எண். அட்டையில் இப்படி ஏதாவது எண் அச்சிடப்பட்டிருந்தால் அது நல்ல அடையாளம். 'உயர்தர ஸ்டீல்' என்று மட்டும் போட்டிருந்தால் அதில் தகவல் எதுவும் இல்லை.

காந்தத்தை வைத்தும் சோதிக்கலாம். கத்திக்கான எஃகைக் காந்தம் இழுக்கும். 304 வகைப் பாத்திர எஃகைப் பெரும்பாலும் இழுக்காது. ஆகவே காந்தம் ஒட்டாத கத்தியை வாங்க வேண்டாம். ஆனால் ஒட்டுவதெல்லாம் நல்ல கத்தி என்றும் எண்ணிவிடாதீர்கள். இறுக்க முடியாத சில மலிவு வகைகளையும் காந்தம் இழுக்கும்.

நம் மலைக்கு எது பொருந்தும்? கொல்லிமலையில் பனியும் மூட்டமும் மழையும் அதிகம். ஈரக் காற்றில் இரும்புக் கத்தி ஒரே இரவில் செம்பழுப்பு பூசிக்கொள்ளும். அன்னாசியும் எலுமிச்சையும் அடிக்கடி அறுக்கும் வீடுகளும் இங்கு அதிகம். எனவே தினசரிக் காய்கறிக்கும் பழத்துக்கும் ஸ்டெயின்லெஸ் கத்தி, கறிக்கும் எலும்புக்கும் இரும்புக் கத்தி என்று பிரித்துக்கொள்வது நல்லது.

கொல்லர் பட்டறைக் கத்தி

நம் மாவட்டத் தலைநகரான நாமக்கல் லாரிக்கும் லாரி பாடி கட்டும் தொழிலுக்கும் பெயர்போனது. இதில் கத்தி வாங்குகிறவருக்கும் ஒரு லாபம் உண்டு. லாரியின் அடியில் அடுக்கடுக்காக இருக்கும் ஸ்பிரிங் பட்டை, பல டன் பாரத்தைத் தாங்கி வளைந்து நிமிரும் நல்ல எஃகு. அதில் ஏறத்தாழ அரை சதவீதத்துக்குச் சற்று மேல் கரி இருக்கும். பழைய பட்டையை வெட்டிக் காய்ச்சி அடித்தால் அரிவாளும் வெட்டுக்கத்தியும் அருமையாக வரும். தமிழ்நாடெங்கும் கொல்லர்கள் விரும்பி எடுப்பது இதைத்தான்.

பட்டறையில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. ஒன்று, "எந்த இரும்பு அண்ணா, லாரிப் பட்டையா, கட்டுமானக் கம்பியா?" கட்டுமானக் கம்பியில் கரி குறைவு, கூர் நிற்காது. இரண்டு, தோய்த்துப் பதம் வைத்திருக்கிறாரா என்பது. பழுக்கக் காய்ச்சிய அலகைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் இறுகும். பிறகு இளஞ்சூட்டில் சற்றுத் தளர்த்தாவிட்டால் எலும்பில் பட்டதும் வாய் தெறித்துவிடும். மூன்று, கூர் போனால் திரும்பக் கொண்டுவந்தால் தீட்டித் தருவாரா என்பது. தன் வேலையில் நம்பிக்கை உள்ள கொல்லர் இம்மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்வார்.

சாலையோரம் கூடாரம் போட்டு அடித்து விற்கும் வடமாநிலக் கொல்லர் குடும்பங்களிடமும் நல்ல வெட்டுக்கத்தி கிடைக்கும். கண்ணெதிரே அடிக்கச் சொல்லி வாங்கினால் இரும்பையும் பார்க்கலாம், உழைப்பாளிக்கும் நேரடியாகக் காசு போகும். அங்கே மிகக் கடுமையாகப் பேரம் பேசாமல் இருப்பதும் ஒரு நன்மைதான்.

நம் பகுதிக்கு எஃகு புதிதல்ல. சேலம் கஞ்சமலையின் இரும்புத் தாது பழங்காலம் தொட்டே அறியப்பட்டது. ஈரோடு மாவட்டம் நொய்யல் கரையில் உள்ள கொடுமணல் அகழாய்வில் இரும்பும் எஃகும் உருக்கியதற்கான சான்றுகள் கிடைத்துள்ளன. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உருவான இந்த எஃகு அரபு நாடுகள் வரை சென்றது. இந்திய எஃகால் செய்த வாளை அரபு மொழியில் 'முஹன்னத்' என்றே அழைத்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி வாள்களின் வகைகளைப் பற்றி எழுதிய நூலில் இலங்கை எஃகையும் குறிப்பிடுகிறார்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

சந்தையிலோ பாத்திரக் கடையிலோ கத்தி வாங்கும்போது அட்டையோடு வாங்காமல் கையில் எடுத்துப் பாருங்கள்.

அலகு: முதுகிலிருந்து வாய் வரை சீராக மெலிந்து வர வேண்டும். கண்ணுக்கு நேரே நீட்டிப் பார்த்தால் வளைவு தெரியக் கூடாது. மிக மெல்லிய தகடாக இருந்து விரலால் அழுத்தினால் துவண்டு போனால், அது பழம் நறுக்க மட்டுமே உதவும்.

பிடி: அலகின் இரும்பு பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். பிடியின் கடைசி வரை சென்று, இரண்டு மூன்று ஆணிகளால் இறுக்கப்பட்டிருந்தால் பல ஆண்டுகள் உழைக்கும். கொல்லர் கத்தியில் இரும்பு வால் மரப்பிடிக்குள் இறங்கியிருக்கும். அங்கே பூண் இறுக்கமாக இருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். ஈரக் கையிலும் வழுக்காத பிடியே நல்ல பிடி. பளபளப்பான ஸ்டீல் பிடி பார்வைக்கு அழகு. ஆனால் கறிக்கொழுப்பு பட்ட கையில் அது வழுக்கும்.

இடுக்கு: அலகும் பிடியும் சேரும் இடத்தில் இடைவெளி இருந்தால் இரத்தமும் கொழுப்பும் புகுந்து தங்கி நாற்றம் எடுக்கும். அப்படிப்பட்ட கத்தியை விட்டுவிடுங்கள்.

எடை: எடுத்தவுடன் கைக்கு இதமாக இருக்க வேண்டும். யார் தினமும் பயன்படுத்தப் போகிறார்களோ அவர்களை அழைத்துச் சென்று அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். வீட்டுக்குக் கத்தியை அத்தா வாங்கி வருகிறார், அரிவது அம்மா. இந்த வழக்கத்தைச் சற்று மாற்றலாமே.

எத்தனை கத்தி வேண்டும்?

எட்டுக் கத்தி, ஒரு கத்திரிக்கோல், மரத்தாங்கி என்று செட்டாக விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எட்டில் தினமும் கைக்கு வருவது இரண்டுதான். செட்டுக்குக் கொடுக்கும் காசில் நல்ல கத்தி இரண்டு மூன்று வாங்கிவிடலாம். ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு இவை போதும்:

1. சிறு கத்தி. அலகு 8 முதல் 10 செ.மீ. தோல் சீவ, பூண்டு, மிளகாய், பழம் நறுக்க.

2. நடுத்தரக் கத்தி. அலகு 15 முதல் 20 செ.மீ. வெங்காயம், கீரை, கோழி, எலும்பில்லாத கறி எல்லாவற்றுக்கும். பணம் போடுவதானால் இதில் போடுங்கள்.

3. எலும்பிலிருந்து கறியைப் பிரிக்கும் குறுகலான கத்தி. அலகு 13 முதல் 15 செ.மீ. குர்பானி, அகீகா நடக்கும் வீடுகளுக்கு மட்டும்.

கறிக்கடையில் வெட்டி வாங்கும் குடும்பத்துக்கு வெட்டுக்கத்தி தேவையே இல்லை. வேண்டுமானால் கொல்லரிடம் ஒன்று அடித்து வாங்கலாம், தலைமுறைக்கும் வரும். இத்துடன் ஒரு தீட்டுக்கல். பெரிய பெயர் இல்லாத நல்ல கத்திகளாகப் பார்த்தால் முதல் இரண்டையும் கல்லையும் பொதுவாக 1,000 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். வெளிநாட்டுக் கத்திதான் நல்லது என்பதும் இல்லை. சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் போன்ற நிறுவனங்களின் சிறு கத்திகள் விலை அதிகமில்லாமல் நம்மூரிலும் கிடைக்கின்றன, தரமும் நன்று. ஆனால் மாதம் ஒருமுறை கல்லில் தீட்டும் கொல்லர் கத்தி, தீட்டாமல் கிடக்கும் விலையுயர்ந்த கத்தியை விட நன்றாக வெட்டும்.

வட்டியோடு கூடிய தவணையில் சமையலறைச் சாமான் எதையும் வாங்க வேண்டாம். ஒரு கத்திக்காக ஹராமான வட்டிக்குள் போக வேண்டியதில்லை. முதல் மாதம் சிறு கத்தி, அடுத்த மாதம் நடுத்தரக் கத்தி என்று வாங்கினால் போதும்.

அரிவாள்மனையைத் தூக்கிப் போடாதீர்கள்

நம் தாய்மார்கள் அரிவாள்மனையில் மீன் ஆய்வதையும் கறி அரிவதையும் பார்த்தால், எந்தக் கத்தியும் அதற்கு ஈடில்லை என்று தோன்றும். இரண்டு கைகளும் பொருளைப் பிடிக்க, உடல் எடை பலகையை அழுத்தி வைத்துக்கொள்ள, வேலை விரைவாக நடக்கும். பலாக்காய்க்கும் வாழைப்பூவுக்கும் இன்றும் அதுவே சிறந்தது. பிசின் ஒட்டாமல் இருக்க அலகிலும் கையிலும் முதலில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

ஆனால் வேலை முடிந்தவுடன் மடக்கி வைக்க வேண்டும், அல்லது அலகைச் சுவர்ப்பக்கம் திருப்பி மூடி வைக்க வேண்டும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் அரிவாள்மனையைத் தரையில் விட்டுவிட்டு எழுந்து போகவே கூடாது. முட்டி வலி உள்ள மூத்தவர்கள் தரையில் உட்கார்ந்து எழுவதை விட, மேசை உயரத்தில் பலகை வைத்துக் கத்தியால் அரிவது நல்லது.

குர்பானிக் கத்தி

ஆடு அறுக்கும் கத்தியின் அலகு 20 முதல் 25 செ.மீ. நீளமும், பற்கள் இல்லாத நேரான வாயும், தெறிப்பு எதுவும் இல்லாத கூரும் கொண்டிருக்க வேண்டும். குட்டையான கத்தியால் அறுத்தால் திரும்பத் திரும்ப இழுக்க நேரிடும், பிராணிக்கு அது வேதனை. மூச்சுக்குழல், உணவுக்குழல், கழுத்தின் இரு பக்க இரத்த நாளங்கள் ஆகியவை விரைவாகவும் முழுமையாகவும் அறுபட வேண்டும். இதன் சட்ட விவரங்களை உங்கள் மத்ஹபின்படி பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உயிர் முழுவதும் அடங்கும் முன் தோல் உரிக்கத் தொடங்காதீர்கள்.

கத்தியின் வாய் சீராக இருக்கிறதா என்பதை விரலால் தடவிச் சோதிக்க வேண்டாம். ஒரு தாளைத் தொங்கவிட்டு மேலிருந்து கீழே இழுத்து அறுங்கள். எங்காவது தடுக்கிக் கிழிந்தால் அந்த இடத்தில் தெறிப்போ மழுங்கலோ இருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனையைப் பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பே செய்துவிடுங்கள். அறுக்கும் கத்தியை அறுப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எலும்பு வெட்ட வேறு, தோல் உரிக்க வேறு. ஒரே கத்தியால் எல்லாம் செய்தால் இரண்டாவது ஆட்டுக்கே கூர் இருக்காது.

சுட்ட கறி, கபாப், தந்தூரி

பெருநாள் மாலையில் பிள்ளைகள் சேர்ந்து கரி அடுப்பில் கறி சுடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. மலைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்குக் கோழி சுட்டுக் கொடுத்துப் பிழைப்பதும் ஒரு தொழில்தான். இதற்கென்று பெட்டியில் வரும் 'பார்பிக்யூ செட்' வாங்கத் தேவையில்லை. மேலே சொன்ன நடுத்தரக் கத்தியும், எலும்பு பிரிக்கும் கத்தியும், ஒரு நீண்ட இடுக்கியும், தட்டையான கம்பிகளும் போதும். உருண்டைக் கம்பியில் கறி சுழன்றுவிடும், தட்டைக் கம்பியில் நிற்கும்.

கறித் துண்டுகளை ஒரே அளவாக, ஏறத்தாழ 3 செ.மீ. கனத்தில் வெட்டுங்கள். சிறியது கருகி, பெரியது வேகாமல் இருப்பது அளவு மாறுவதால்தான். கறியில் நார் ஓடும் திசையைப் பார்த்து, அதற்குக் குறுக்காக வெட்டினால் மெல்ல இலகுவாக இருக்கும். முற்றிய ஆட்டுக்கறிக்கு இது மிகவும் முக்கியம். கோழித் தொடையில் எலும்பு வரை இறங்கும்படி இரண்டு மூன்று கீறல் போட்டால் மசாலாவும் இறங்கும், உள்ளேயும் வேகும்.

பச்சைக் கறி வெட்டிய கத்தியாலும் பலகையாலும், கழுவாமல் வெந்த கறியையோ வெங்காயம், எலுமிச்சையையோ தொடக் கூடாது. வயிற்றுப்போக்கும் வாந்தியும் வரும் வழி இதுதான். கோழியின் உட்புறம் 74 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும். அளவு பார்க்கக் கருவி இல்லாவிட்டால், கனமான இடத்தில் கத்தி முனையால் கீறிப் பாருங்கள். எலும்பு ஓரத்தில் இளஞ்சிவப்பாகவும் பிசுபிசுப்பாகவும் இருந்தால் இன்னும் வேக வேண்டும்.

மலைக்குளிருக்காகக் கனலும் கரி அடுப்பை மூடிய அறைக்குள் கொண்டுவராதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

தீட்டுவது எப்படி?

ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் நயமாகவும் உள்ள கார்போரண்டம் கல் இரும்புக் கடையில் கிடைக்கும். அதை ஈரத்துணியின் மேல் வையுங்கள், நகராது. தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். கத்தியைக் கல்லின் மேல் படுக்க வைத்து, முதுகை மட்டும் சற்றுத் தூக்குங்கள். அலகின் அகலம் 5 செ.மீ. என்றால் முதுகு கல்லிலிருந்து ஒன்றரை செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். ஏறத்தாழ 17 டிகிரிச் சாய்வு கிடைக்கும். எலும்பு வெட்டும் கத்திக்கு இன்னும் சற்று உயர்த்துங்கள்.

இந்தச் சாய்வு மாறாமல், பிடி அருகிலிருந்து முனை வரை படும்படி தேயுங்கள். ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க, மறுபக்கத்தின் வாயோரம் மெல்லிய பிசிர் எழும். அது நீளம் முழுவதும் வந்ததும் கத்தியைத் திருப்பி அடுத்த பக்கம் தேயுங்கள். பிறகு நயமான பக்கத்தில் இதையே மெல்லிய அழுத்தத்தில் செய்யுங்கள். கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டில் வாயைப் பின்பக்கமாக இழுத்தால் பிசிர் போய்விடும். கல் இல்லாத நேரத்தில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் பளபளப்பு இல்லாத வளையத்தில் நாலைந்து முறை தேய்த்தால் அன்றைய வேலை நடக்கும்.

மின்சாரச் சாணையில் கொடுத்தால் அடிக்கடி தண்ணீரில் நனைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். வாய் சூடேறி நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு அங்கே கூர் நிற்காது.

பத்திரமாக வைத்திருக்க

கிரானைட் மேடை, ஸ்டீல் தட்டு, கண்ணாடிப் பலகை ஆகியவற்றின் மேல் வெட்டினால் எந்தக் கத்தியும் ஒரே நாளில் மழுங்கும். மரப்பலகை நல்லது. கறிக்கடைகளில் புளியமரக் கட்டை வைத்திருப்பதற்கும் இதுதான் காரணம். கறிக்கு ஒரு பலகை, காய்க்கு ஒரு பலகை இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் கத்தியைக் கழுவித் துடைத்துவிடுங்கள். சோப்புத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் போட்டு வைக்காதீர்கள். அடியில் கத்தி கிடப்பது தெரியாமல் கை விடுகிறவருக்குக் காயம் படும். இரும்புக் கத்தியைத் துடைத்த பின் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். நாளடைவில் அதில் படியும் கருநீல நிறம் கெடுதல் அல்ல, துருவைத் தடுக்கும். செந்துரு வந்தால் புளியும் உப்பும் வைத்துத் தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூசுங்கள்.

கொண்டுசெல்லும்போது

பெருநாளையொட்டிக் கத்திகளைப் பேருந்திலும் பைக்கிலும் கொண்டுபோகும் இளைஞர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஆயுதச் சட்ட விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூரிய ஆயுதங்களைக் குறிப்பிடுகின்றன. வீட்டு உபயோகம், விவசாயம் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. இருந்தாலும் சோதனையில் கேள்வி வராமல் இருக்க, கத்தியை அட்டையில் பொதிந்து துணியில் சுற்றிப் பைக்குள் வையுங்கள். கடை ரசீது இருந்தால் கூடவே வையுங்கள். கையில் ஏந்திக்கொண்டோ இடுப்பில் செருகிக்கொண்டோ போகாதீர்கள். கத்தியோடு படம் எடுத்துப் பரப்புவதும் இபாதத்துக்கு அழகல்ல. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி இறங்கும் வண்டியில் பொதியாத கத்தி பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் என்பதும் நினைவிருக்கட்டும்.

காயம் பட்டால்

சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள், கையை உயர்த்திப் பிடியுங்கள். நடுவில் திறந்து திறந்து பார்க்காதீர்கள். காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்க வேண்டாம். இரத்தம் நிற்காவிட்டாலோ, விரல் மடக்க முடியாவிட்டாலோ, மரத்துப்போனாலோ உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள், அல்லது 108ஐ அழையுங்கள். டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள். விரல் துண்டாகிவிட்டால், துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து எடுத்துச் செல்லுங்கள். ஐஸ் நேரடியாக அதன் மேல் படக் கூடாது.

ஒருவருக்கொருவர் உதவியாக

குர்பானிக் கத்தி வருடத்தில் மூன்று நான்கு நாட்களுக்கே தேவை. ஒவ்வொரு வீடும் தனித்தனியாக வாங்க வேண்டியதில்லை. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து அறுக்கும் கத்தி இரண்டு, தோல் உரிக்கும் கத்தி ஒன்று, வெட்டுக்கத்தி ஒன்று, கல் ஒன்று என வாங்கி, பொறுப்பான ஒருவரிடம் வைக்கலாம். பயன்படுத்தியவர் கழுவித் தீட்டி எண்ணெய் பூசித் திருப்பித் தர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனையாக இருக்கட்டும்.

ஸதகா செய்ய நினைப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கலாம். உதவி கேட்டு வந்த ஓர் அன்ஸாரியிடம் இருந்த பொருள்களை நபி (ஸல்) அவர்கள் இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக் கொடுத்தார்கள். ஒரு திர்ஹத்துக்கு உணவும் மற்றொன்றுக்குக் கோடரியும் வாங்கச் சொல்லி, அந்தக் கோடரிக்குத் தம் கையாலேயே பிடி பொருத்தி, விறகு வெட்டி விற்குமாறு அனுப்பினார்கள். பதினைந்து நாளில் அவர் பத்து திர்ஹம் சம்பாதித்துத் திரும்பினார். அனஸ் (ரலி) வாயிலாக அபூதாவூதில் உள்ள செய்தி இது. இதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தாலும், கருவியைக் கொடுத்து உழைப்புக்கு வழி காட்டும் பாடம் தெளிவானது. வீட்டிலிருந்து சமைத்து விற்றுப் பிள்ளைகளை வளர்க்கும் ஒரு விதவைச் சகோதரிக்கு நல்ல கத்தி ஒன்றும் தீட்டுக்கல் ஒன்றும் வாங்கிக் கொடுத்தால், அவருடைய அன்றாட உழைப்பில் அரை மணி நேரம் மிச்சமாகும்.

இந்த வாரம் உங்கள் வீட்டுக் கத்தியை எடுத்து ஒரு தக்காளியின் மேல் வைத்து, அழுத்தாமல் இழுத்துப் பாருங்கள். அறுத்தால் அல்ஹம்துலில்லாஹ். நசுக்கினால் புதிது வாங்கும் முன் ஒரு கல்லை வாங்குங்கள். நம் செயல்கள் அனைத்தையும் அழகுற அமைத்துக்கொள்ள வல்ல அல்லாஹ் நம் எல்லோருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.